மைமூன் கைத் தண்ணீர்

கொடிமுனைப்பட்டினத்தில் மழை பொய்த்த மூன்றாம் வருஷம், ஆனி மாதத்தில், கடல் சத்தமில்லாமல் மண்ணுக்கடியில் நடந்து வந்து ஊரிலுள்ள கிணறு, குழாய், குளம் எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. பள்ளிவாசலில் தொழுகைக்கு முகம் கழுவி ஒளு எடுத்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்கள். மாதா கோயில் தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்தவர்கள் நெற்றியில் வெள்ளைப் பூச்சோடு வீடு திரும்பினார்கள். அம்மன் கோயில் அபிஷேகத்தில் அம்மனே முகம் சுளித்துவிட்டதாகப் பூசாரி சொன்னார். மூன்று தெருவும் சந்திக்கிற இடத்தில் இருந்த பழைய கிணற்றிலும் உப்புதான். ஆனால் கான்வென்ட் மருந்தகத்து சிஸ்டர் பிலோமின் அதில் ஒரு வாளி இறைத்து, காய்ச்சலில் கிடந்த ஒருவனுக்கு மாத்திரையோடு கொடுத்தபோது அவன் எழுந்து உட்கார்ந்து, "எளநியா சிஸ்டர்?" என்று கேட்டான்.

அன்று பொழுது சாய்வதற்குள் முப்பது ஆண்கள் வரிசையில் நின்று இறைத்துப் பார்த்தார்கள், முப்பது வாளியும் உப்பு. சிஸ்டர் மறுபடி இறைத்தார், இனித்தது. பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்து எழுபத்துநாலு வயதுவரை தனியாகவே இருந்த மடத்துச் சாமியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து இறைக்கச் சொன்னார்கள், அதுவும் இனித்தது. அதற்குமேல் யோசிக்க ஊருக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒரே கிணறு, ஒரே கயிறு, ஒரே வாளி. பிரம்மசரியம் காத்த கைக்கு இளநீர், மற்றக் கைக்குக் கடல். ஏன் இப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் இறைப்பது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

ருசி பார்த்துச் சொல்ல முதலில் தெருவுக்கு ஒருவராக மூன்று பெரிய மனிதர்களை வைத்தார்கள். உப்பை நக்கி நக்கி மூவருக்கும் ரத்த அழுத்தம் ஏறி, டாக்டர் கோபித்துக்கொண்டதால், அந்த வேலை பெண்கள் தலையில் விழுந்தது. அம்மன் கோயில் தெருவுக்கு இட்லிக்கடைப் பேச்சியம்மாள். மாதா கோயில் தெருவுக்கு, தெருக்கோடியிலிருந்த சின்ன சர்ச்சின் போதகர் மனைவி தங்கநேசம். கன்னியாஸ்திரிக்குச் சாதகமாக அவள் பேசமாட்டாள் என்று அவளைப் போட்டார்கள். பள்ளிவாசல் தெருவுக்கு ஜமாஅத் செயலாளர் ஹபீபின் மனைவி ஆபிதா. ஒரு வாய் எடுத்து, கிணற்றடித் துவைகல்லில் துப்பி, உப்பா இனிப்பா என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஒரே மாதத்தில் அந்தக் கல் வெள்ளை பூத்துவிட்டது.

அதன்பிறகு ஒவ்வொரு தெருவும் தன்னிடம் இருக்கிற துறவிகளைத் தேடத் தொடங்கியது. மாதா கோயில் தெருவுக்குத் தலைகால் புரியவில்லை. இருநூறு வருஷமாகக் கன்னியாஸ்திரிகளைப் பார்த்து, "பாவம், பிள்ளை குட்டி இல்லாமல்" என்று உள்ளுக்குள் நினைத்தவர்கள், இப்போது சிஸ்டர் போகிற பாதையில் பூ போட்டார்கள். பங்குச் சாமியார் மட்டும் கயிற்றைத் தொட மாட்டேன் என்றார். "நான் வார்த்தை குடுத்தது ஆண்டவருக்கு. கிணத்துக்கு இல்ல." நல்ல பதில்தான், ஆனாலும் அந்த ஞாயிறு பூசையில் பாதிப் பேர் பலிபீடத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தார்கள். மடத்துச் சாமி ஒன்பதாம் நாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அறுபது வருசமாக் கட்டிக் காத்தது முக்திக்கு, ஒங்க சோத்துப் பானைக்கு இல்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அம்மன் கோயில் தெருவில் நாலு குடும்பஸ்தர்கள், கார்த்திகைக்குக் காத்திராமல் அப்போதே ஐயப்பனுக்கு மாலை போட்டு, குருசாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஒரு மண்டலம் பாயில் தனியாகப் படுத்தார்கள். நாற்பத்தொன்றாம் நாள் நாலு வாளியும் இனித்தது. மாலை கழற்றிய மறுநாள் காலை நாலும் உப்பு. அவர்கள் மனைவிமார் அன்று முழுவதும் வாசலுக்கே வரவில்லை. கடைவீதிச் சேட்டு வீட்டுக்கு நடந்தே வந்த வெள்ளையுடைச் சமணத் துறவினிகள் இருவரிடம் போய்க் கேட்டபோது, பச்சைத் தண்ணீரில் உயிர்கள் இருக்கின்றன, நாங்கள் தொடுவதில்லை என்று சொல்லி, கிணற்றைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்கள். ஐந்து பிள்ளைக்குத் தகப்பனான போதகர் ஞானசிகாமணிக்கோ கோபம். "ஆதாமுக்குத் தொணயக் குடுத்தது கடவுளு. அதக் குத்தம் சொல்லுத தண்ணி எனக்கு வேண்டாம்" என்றார். சொன்னாரே தவிர, அவர் வீட்டுப் பானையிலும் அந்தத் தண்ணீர்தான்.

கல்யாணமாகாத இளவட்டங்கள் ஊரில் இல்லையா என்றால், நிறைய இருந்தார்கள். பையன்கள் கிணறு இருந்த பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. பெண்களைப் பெற்றவர்கள் வாசல் கதவையே சாத்திவைத்தார்கள். உப்பாக வந்தால் அவளை எவன் கட்டுவான்? இனிப்பாக வந்தால் அவளைக் கட்டிக்கொடுக்க ஊர் விடுமா? இப்படி முதல் நாள் இறைத்த முப்பது பேரையும் மாலை போட்ட நாலு பேரையும் துறவிகளையும் தவிர, பயத்தில் வேறு ஒருவரும் கயிற்றைத் தொடவே இல்லை.

பள்ளிவாசல் தெருவில் காட்டுவதற்கு ஆள் இல்லை. "நம்ம மார்க்கத்துல துறவறம்னு ஒன்னு கெடையாது. நிக்காஹ்தான் சுன்னத்து, நபி காட்டுன வழி" என்று பள்ளிவாசல் ஆலிம்சா ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவிலும் சொல்லி வந்த தெரு அது. ஆனால் ஹபீபின் தங்கை மைமூன் இருந்தாள். வயது முப்பத்தொன்பது. வந்த மாப்பிள்ளை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சாக்கில் தட்டிப்போய், இருபது வருஷமாக அந்தத் தெரு அவளைப் பார்த்து உச்சுக்கொட்டியது. கல்யாண வீடுகளில் மணப்பெண்ணுக்குப் பூ வைக்க அவளைக் கூப்பிடமாட்டார்கள். இப்போது ஜமாஅத்தே திரண்டு அவள் வீட்டு வாசலில் நின்றது.

"ஒரு வாளி எறச்சுக் குடு புள்ள. ஒனக்கென்னா போவுது?" என்றார் ஹபீப்.

"வேற யாரயாச்சும் கூப்புடுங்க காக்கா. எனக்குப் பயமா இருக்கு" என்றாள் மைமூன் அண்ணனிடம்.

"என்னா பயம்? கொமருப் புள்ளைவள அனுப்ப முடியுமா? நீதான். தெரு மானம் ஒன் கையில இருக்கு."

மைமூனுக்குப் பயம்தான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், சவுதி விசாவுக்காகக் காத்திருந்த ஒருவனோடு, ஒரு ஐப்பசி மாதம் முழுவதும், யாருக்கும் தெரியாமல் அவள் வாழ்ந்திருந்தாள். விசா வந்தது, அவன் போனான், கடிதம் வரவில்லை. அழுது முடித்து முகம் கழுவி, அவள் அதைத் தன் தாய்க்குக்கூடச் சொல்லவில்லை. இப்போது ஒரு கிணறு சொல்லப்போகிறது. கிணற்றடிக்கு நடந்த நூறு அடியும் கால் பின்னிக்கொண்டது. கூட்டம் அதை வெட்கம் என்று நினைத்தது. கயிற்றை விட்டாள், இறைத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் மனைவி ஆபிதா ஒரு வாய் எடுத்தாள்.

"இனிக்குது! அல்லா, கல்கண்டா இனிக்குது!"

தெருவே அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கியது. மைமூன் மட்டும் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, உள்ளே அசைகிற கறுப்புத் தண்ணீரையே பார்த்தாள். உப்பாக வந்திருந்தால் ஒரு பயத்தோடு போயிருக்கும். கிணறு தன்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டது அதைவிடப் பயமாக இருந்தது. கிணற்றைப் பற்றி ஊர் நினைப்பது தப்பு என்று அவளுக்கு மட்டும் தெரியும்; அதைச் சொல்ல வேண்டுமானால் தன்னைச் சொல்ல வேண்டும்.

ஆவணியில் சிஸ்டர் பிலோமினுக்குப் பீகாருக்கு மாற்றல் வந்தது. மூன்று தெருவுக்கும் மைமூன் ஒருத்திதான் மிஞ்சினாள். விடிந்ததிலிருந்து மத்தியான லுஹர் தொழுகைவரை இருநூறு குடம். தோள் வீங்கி, உள்ளங்கை உரிந்து, பருத்தித் துணி சுற்றிக்கொண்டு இறைத்தாள். உச்சுக்கொட்டிய பெண்கள் இப்போது நோய்ப்பிள்ளைகளைக் கொண்டுவந்து அவள் முந்தானையால் துடைத்துப்போனார்கள். அவள் எங்கே போனாலும் ஜமாஅத் இரண்டு பெண்களைக் கூட அனுப்பியது, மரியாதைக்கு என்றார்கள். ஒரு நாள் தபால்காரரிடம் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசியதற்கு அன்று மாலையே மூன்று தெருப் பெரியவர்களும் வந்து ஹபீபிடம் கவலைப்பட்டார்கள்.

அவள் கை ஓயட்டும் என்று மூன்று தெருவும் சேர்ந்த கமிட்டி ஒரு மோட்டார் வாங்கிப் பொருத்தியது. மோட்டாரைவிடப் பெரிய பிரம்மச்சாரி எவன் என்று பேச்சியம்மாள் கேட்டாள். ஆனால் மோட்டார் உப்பைத்தான் கொட்டியது. அதைக் கழற்ற வந்தவன்தான் சதக்கத்துல்லா, பக்கத்துத் துறைமுகத்தில் லாஞ்சிப் படகு எஞ்சின் பழுதுபார்க்கிற மெக்கானிக், மனைவியை இழந்து ஆறு வருஷமானவன். வேர்த்துப்போய் நின்றவனுக்கு மைமூன் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, எல்லாரும் செய்வதுபோல் செம்பைக் கண்ணில் ஒற்றாமல், "கை என்னா இப்புடி உரிஞ்சிருக்கு?" என்று கேட்டான். ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. மறு வாரம் கைக்குப் போட ஒரு ஜோடி தோல் உறை கொண்டுவந்தான். அதற்கு மறு வாரம் நேரே ஆலிம்சாவிடம் போய்ப் பெண் கேட்டான்.

மைமூனுக்கு அவனை வேண்டும். இருபது வருஷமாக வந்த மாப்பிள்ளைகளில் எவனையும் வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை, இவனை வேண்டும். ஆனாலும் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தவனிடம், திரைக்குப் பின்னால் நின்று சொல்லிவிட்டாள்.

"ஊரு நெனக்கிற மாதிரி நான் இல்ல. அப்புடிப் பாத்தா என் கையில தண்ணி இனிக்கக் கூடாது. ஆனா இனிக்குது. ஏன்னு தெரியல."

"தாகமா இருந்துச்சு, குடிச்சேன்" என்றான் சதக்கத்துல்லா. "யாரு கையின்னு பாத்துக் குடிக்கல." பிறகு, இன்னும் மெதுவாக, "ஆனா ஒன்னு. நிக்காஹ் முடிஞ்ச மறுநாளும் இனிச்சுச்சுன்னா, என்னய என்னா சொல்லுவாங்கன்னு நெனச்சீங்களா?"

அவள் அதை நினைக்கவில்லை. இப்போது நினைத்தாள். மறுநாள் இனித்தால், சதக்கத்துல்லா ஆண்பிள்ளை இல்லை என்று ஊர் சொல்லும்; அதையே காரணமாக வைத்து ஜமாஅத் நின்று பிரித்துவிடும், பிரிக்கக் காத்துக்கொண்டிருக்கிறது. கிணற்றைப் பற்றிய உண்மையைச் சொல்லி அவனைக் காப்பாற்றலாம் என்றால், பதினைந்து வருஷத்து ஐப்பசியைத் தெருவில் விரிக்க வேண்டும். உப்பாகவே வந்துவிட்டால், மூன்று தெருப் பிள்ளைகளும் எதைக் குடிக்கும்?

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"பயமாத்தான் இருக்கு" என்றான் அவன். போகவில்லை.

ஜமாஅத்தில் இடி விழுந்தது. இருபது வருஷமாக, "அந்தப் புள்ளக்கி ஒரு வழி பொறக்கலியே" என்று துஆ செய்த அதே வாய்கள், மழை வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றன. ஹபீபே தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "இன்னும் ஒரு வருசம் பொறு புள்ள, இருபது வருசம் பொறுத்தவதானே." பங்குப் பேரவையும் அம்மன் கோயில் நிர்வாகமும் கூட ஆள் அனுப்பின, துலுக்க வீட்டு நிக்காஹைத் தள்ளிவைக்கச் சொல்லி அம்மனுக்குப் பொங்கல் வைத்த ஊர் உலகத்திலேயே அது ஒன்றுதான். ஆலிம்சாதான் பிரசங்க மேடையான மிம்பரில் ஏறி, "ஹலாலானதத் தடுக்க எனக்கும் அதிகாரமில்ல, ஒங்களுக்கும் அதிகாரமில்ல. தாகத்துக்காக மார்க்கத்த மாத்த முடியாது" என்றார். இறங்கும்போது தன் வீட்டு நாலு பேரப்பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டார். கடைசியில் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. நிக்காஹ் நடக்கட்டும். மறுநாள் காலை ஊரறிய மைமூன் ஒரு வாளி இறைக்க வேண்டும். உப்பென்றால் ஊருக்கு விதி. இனிப்பென்றால், நடந்தது நிக்காஹே இல்லை.

நிக்காஹுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பள்ளிவாசல் தெரு ஆண்கள் ஜும்ஆவுக்குப் போய், மற்றத் தெருக்களும் ஒடுங்கிக் கிடந்த உச்சி வெயிலில், துணைக்கு வருகிற பெண்களுக்குத் தெரியாமல் மைமூன் கிணற்றடிக்குப் போனபோது அங்கே தங்கநேசம் வாளியும் கையுமாக நின்றிருந்தாள். வாளி நிறையத் தண்ணீர், வாயோரம் ஈரம். மைமூனைப் பார்த்ததும் போதகர் மனைவி பேயைக் கண்டதுபோல் வெளுத்தாள்.

"யாருட்டயும் சொல்லிராதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமா போவும். தெனமும் ஒங்க கைய நோவடிக்கணுமான்னு ஒரு நாளு நானே எறச்சுப் பாத்தேன். இனிச்சிட்டு. நேத்தும் இனிச்சிது, இன்னைக்கும் இனிக்கி." அவள் அழத் தொடங்கினாள். "அஞ்சு பெத்தவளுக்கு இனிக்கின்னா, அந்த அஞ்சுக்கும் ஊரு என்ன பேரு வைக்கும்? எங்க வீட்டு ஐயா மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?"

மைமூன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் கதையைச் சொல்லவில்லை. சொல்லாமலே இரண்டு பேரும் ஒரே பயத்தில் நிற்பது இருவருக்கும் தெரிந்தது. வாளித் தண்ணீரை ஆளுக்குப் பாதியாகக் குடித்துவிட்டு, யாரும் வருவதற்குள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

நிக்காஹ் பத்து மணிக்கு நடந்தது. பிரியாணிக்குத் தண்ணீரை மணப்பெண்தான் முந்தின நாள் இறைத்து வைத்திருந்தாள். வந்தவர்கள் வாழ்த்தினார்கள், வாழ்த்திவிட்டு, காலியான அண்டாக்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மூன்று தெருவும் கிணற்றடியில் இருந்தது. ஆண்கள் வேப்பமர நிழலில், பெண்கள் காலிக் குடங்களோடு சுற்றிலும். ஒரு குழந்தைகூட அழவில்லை. மருதாணிச் சிவப்பு மாறாத கையோடு மைமூன் வந்தாள்; இரண்டடி பின்னால் சதக்கத்துல்லா, நேற்றைய மாப்பிள்ளைச் சட்டையிலேயே, தூக்குமேடைக்கு வருகிறவன்போல். முந்தின நாள் மாலை அவள் அவனிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தாள்: "என்னா வந்தாலும் நான் உப்புன்னுதான் சொல்லுவேன்." அவன் கேட்டான், "அவங்க குடிச்சுப் பாப்பாங்களே?"

கயிற்றை விட்டாள். வாளி தண்ணீரில் மோதிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது. இறைத்துக் குடத்தில் ஊற்றி, கை நிறைய அள்ளி வாயில் வைத்தாள். இனித்தது. முன்னெப்போதையும்விட இனித்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"உப்பு" என்றாள்.

வேப்பமரத்தடியில் ஒரு முனகல் எழுந்தது. "ருசி பாக்குறவங்க பாக்கட்டும்" என்றார் ஹபீப்.

தங்கநேசம் முதலில் வந்தாள். குடத்தைச் சாய்த்து ஒரு வாய் எடுத்தாள். துவைகல்லின் பக்கம் திரும்பினாள், துப்பவில்லை. தொண்டை இறங்கி ஏறியது. "உப்பு" என்றாள், ஜெபம் முடிக்கிற குரலில்.

அடுத்தது பேச்சியம்மாள். அவள் எவருக்கும் வளைந்து கொடுக்காதவள், போட்டு உடைக்கிற வாய். பேச்சியம்மாள் குடித்தாள், இன்னொரு வாய் குடித்தாள், புறங்கையால் உதட்டைத் துடைத்தாள், மைமூனின் மருதாணிக் கையை ஒரு நிமிஷம் பார்த்தாள். "யப்பா, என்னா உப்பு! கடலே தேவல" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள்.

மூன்றாவது ஆபிதா. புருஷன் செயலாளர், தெருவின் மானம் அவர் தலையில். இனிப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் நாத்தனார் மறுபடி வீட்டுக்கு வந்துவிடுவாள், தெருவுக்குத் தண்ணீர் நிலைத்துவிடும். ஆபிதா நிதானமாகக் குடித்தாள். குடிக்கும்போது அவள் கண் கிணற்றுக் கயிற்றின்மேல் போய் நின்றது. பரண்மேல் ஒளித்துவைத்ததை யாரோ எடுத்துவிட்டதைப்போல் அவள் முகம் மாறியது. ஆபிதாவும் ஒருநாள் தனியாக வந்து இறைத்திருக்கிறாள் என்று மைமூனுக்கு அப்போது புரிந்தது.

"சுத்த உப்பு" என்றாள் ஆபிதா, தன் புருஷனை நேராகப் பார்த்து.

அப்புறம் யாரும் கூப்பிடாமலே பெண்கள் வந்தார்கள். "குடு, நானும் பாக்குறேன்" என்று ஒருத்தி, "இங்க தள்ளுங்க" என்று ஒருத்தி. மாலை கழற்றிய நாலு பேரின் மனைவிமாரும் வந்தார்கள். குடம் கை மாறிக் கை மாறிப் போயிற்று. ஒவ்வொருத்தியும் வாய் நிறையக் குடித்தாள், ஒவ்வொருத்தியும் உப்பு என்றாள், ஒருத்திகூடத் துப்பவில்லை. குடம் மைமூனிடம் திரும்பி வந்தபோது அடியில் ஒரு சொட்டு இல்லை. வெயிலில் துவைகல் காய்ந்து கிடந்தது.

நிழலில் நின்ற ஆண்கள் நெற்றியில் கைவைத்தார்கள். இனி லாரித் தண்ணீருக்கு மனு எழுத வேண்டும் என்று பேசிக்கொண்டே, ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சதக்கத்துல்லாவின் தோளில் ஹபீப் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கடைசி வேட்டி தெருமுனை திரும்பியதும் தங்கநேசம் கயிற்றைக் கையில் எடுத்தாள்.

அன்று மத்தியானம் மூன்று தெருவிலும் எல்லா வீட்டிலும் சோறு வெந்தது. தட்டில் விழுந்த சோறு வெள்ளையாக, உப்புக் கரிக்காமல் இருந்தது. பக்கத்தில் செம்பு நிறைய நல்ல தண்ணீர். யார் கையில் இறைத்தது என்று ஒரு ஆணும் மனைவியைக் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள்.